கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்... கடலில் காணாமல்போன மனிதர்! - ருடால்ஃப் டீசலின் கதை

விருத்தாசலம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பழமலைநாதர் கோயில், நாலா பக்கமும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன், கடலை, முந்திரி... அப்புறம் பீங்கான். டீ கப், கொலு பொம்மை, கரன்ட் கம்பத்து இன்சுலேட்டர், வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியர் என மண்ணைச் சூளையில் வேகவைத்து உருவாக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைந்த செராமிக் ஊர் அது.

இதே செராமிக் உங்க பைக்கிலும் இருக்கு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்க. நடுவில் வெள்ளையாக இருப்பது செராமிக்தான். பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் வழிதவறி இன்ஜின் பாடிக்குள் பாய்ந்துவிடாமல் காவல் காப்பது அதோட வேலை.

பழைய பெட்ரோல் ஜீப்பை டீசலுக்கு மாற்றும் மெக்கானிக்கைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில், கார்புரேட்டர் என எல்லாத்தையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். புதுசா உள்ளே வரும் இன்ஜினுக்கு இதில் ஒண்ணுமே தேவையில்லை. தீப்பொறியே இல்லாமல் தீப்பிடிக்கும் இன்ஜின் அது.

அப்படி ஒரு இன்ஜினை உருவாக்கியே தீருவேன் என்று வாழ்க்கையைப் பணயம் வைத்த ஒருவர் இருந்தார். அவர் பெயரைத்தான் நாம் பெட்ரோல் பங்க்கில் தினமும் சொல்கிறோம். ஆனால், அது ஒரு மனிதரின் பெயர் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் ருடால்ஃப் டீசல்.

தள்ளுவண்டிப் பையன்

1858, மார்ச் 18. பாரிஸ் நகரில் பிறந்தார் ருடால்ஃப். அப்பா தியோடர், அம்மா எலிஸ், இருவரும் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கு புக் பைண்டிங், தோல் பொருள்கள் செய்யும் தொழில். சின்னப் பட்டறை. செய்து முடித்த சரக்கைத் தள்ளுவண்டியில் வைத்து பாரிஸ் தெருக்களில் டெலிவரி செய்வது சிறுவன் ருடால்ஃபின் வேலை. நேரம் கிடைத்தால் பக்கத்திலிருந்த தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு ஓடிப்போய் பழைய இயந்திரங்களை வரைந்துகொண்டிருப்பான்.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் ஒரே நாளில் அந்நியர்கள் ஆனார்கள். பட்டறை, வீடு எல்லாத்தையும் விட்டுவிட்டு டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் வறுமை. 12 வயசுப் பையனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பிவைத்தார்கள். அந்த வீட்டுக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். அந்தப் பையனின் தலையெழுத்தை மாற்றியது அந்த வீடுதான்.

14 வயசிலேயே, தான் இன்ஜினீயர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டார் ருடால்ஃப். பள்ளியில் முதலிடம். ஸ்காலர்ஷிப்பில் மியூனிக் பாலிடெக்னிக். அங்கே அவருக்கு வாத்தியாராக வந்தவர் கார்ல் ஃபான் லிண்டே. இன்று நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் குளிர்வதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர்.

லிண்டேயின் வகுப்பில் கேட்ட ஒரு விஷயம் ருடால்ஃபைத் தூங்கவிடவில்லை. நீராவி இன்ஜினில் எரிக்கும் நிலக்கரியில் பத்தில் ஒரு பங்கு சக்திகூட வேலைக்குப் பயன்படுவதில்லை. மீதி எல்லாம் வெப்பமாக வீணாகிறது. இதைவிடச் சிறந்த இன்ஜின் ஒன்று சாத்தியம்தானே? 20 வயசில் மனசுக்குள் விழுந்த இந்தக் கேள்வி, கடைசிவரை அவரை விடவில்லை.

1879-ல் டைஃபாய்டு வந்து, பரீட்சை எழுத முடியாமல் போனது. அந்த இடைவெளியில் ஸ்விட்சர்லாந்தின் சுல்சர் தொழிற்சாலையில் கைகளில் கிரீஸ் படிய வேலை பார்த்தார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்ணுடன் வெளியே வந்தார்.

சைக்கிள் பம்ப் ரகசியம்

படிப்பு முடிந்ததும் பாரிஸில், லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. 1883-ல் மார்த்தா ஃப்ளாஷேவைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள். பகலில் ஐஸ், ராத்திரியில் நெருப்பு. நீராவிக்குப் பதிலாக அம்மோனியாவை வைத்து இன்ஜின் ஓட்டிப் பார்த்தார். ஒரு சோதனையில் அது வெடித்து, பல மாதங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடம்பும் கண்ணும் பாதிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. அம்மோனியாவை விட்டுவிட்டு வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டார்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடுமே, கவனித்திருக்கிறீர்களா? காற்றை அழுத்தினால் அது சூடாகும். தென்கிழக்கு ஆசியாவில் பல தலைமுறைகளாக மக்கள் இதை வைத்தே தீ மூட்டினார்கள். ஒரு சின்னக் குழாய்க்குள் பஞ்சு போன்ற பொருளை வைத்து, மேலிருந்து ஒரு தண்டைச் சட்டென்று அடித்தால் பஞ்சு பற்றிக்கொள்ளும். டீசலைத் தூண்டியது இந்தத் தீக்குழாய்தான் என்று ஒரு கதையும் உண்டு.

ஐடியா இதுதான். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழு. அதைப் பயங்கரமாக அழுத்து. அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். அந்த நேரம் பார்த்து எரிபொருளைத் தெளி. தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறி எதுக்கு?

1892 பிப்ரவரியில் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு கிடைத்துவிட்டது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லணும். அந்தக் காலத்து நீராவி இன்ஜினை வாங்கிவைக்க பெரிய முதலாளியால்தான் முடியும். தன் அப்பாவைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்கள் அதனால்தான் நசுங்கிப்போகிறார்கள் என்று டீசல் நினைத்தார். சின்னதாக, சிக்கனமாக ஒரு இன்ஜின் இருந்தால் கைத்தொழில் செய்பவர்கள் ஊர்ப்பக்கமே தலைநிமிர்ந்து நிற்கலாம். விருத்தாசலம் மாதிரி, சின்னச் சின்னப் பட்டறைகள் சேர்ந்து வாழும் ஊர்கள்தான் அவர் கண்ட கனவு. உழைப்பாளிகள் தாங்களே கூட்டாகத் தொழில் நடத்துவது பற்றி 1903-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதை வாங்கத்தான் ஆளில்லை.

88 சுற்று... ஒரே ஒரு நிமிஷம்!

1893, ஆகஸ்ட் 10. ஆக்ஸ்பர்க்கில் முதல் சோதனை. ஆள் உயரத்தைத் தாண்டி நின்ற இரும்பு இயந்திரம். எரிபொருள் உள்ளே போனதும் படார்னு ஒரு சத்தம். அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். இன்ஜின் ஓடவில்லை. ஆனால், டீசலுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. தீப்பொறி இல்லாமலே தீப்பிடிக்கிறது!

இதில் ஒரு வேடிக்கை. அன்று ஊற்றியது டீசல் இல்லை, பெட்ரோல்! டீசல் என்ற எரிபொருளே அப்போது கிடையாது. இந்த ஆகஸ்ட் 10-ம் தேதியைத்தான் இப்போது உயிரி எரிபொருள் தினமாக இந்தியாவில் கொண்டாடுகிறோம். அன்றைக்கு அவர் கடலை எண்ணெயில் இன்ஜினை ஓட்டினார் என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் ஆண்டுதோறும் சுற்றும். கடலை எண்ணெய்க் கதை உண்மை. தேதிதான் தப்பு. அதற்குக் கொஞ்சம் பிறகு வருவோம்.

1894, பிப்ரவரி 17. இன்ஜின் முதன்முறையாகத் தானாக ஓடியது. நிமிஷத்துக்கு 88 சுற்று. ஓடியது ஒரே ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்தை ஒழுங்கான இன்ஜினாக மாற்ற இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அதிகாரபூர்வமாகச் சோதித்தார். எரிபொருளின் சக்தியில் 26.2 சதவிகிதம் வேலையாக மாறியது. நீராவி இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

அடுத்த வருஷமே வியாபாரம் சூடுபிடித்தது. வணிகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் டீசல் இன்ஜின் எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? ஜெர்மனியின் கெம்ப்டன் ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில்! தீக்குச்சியே தேவைப்படாத இன்ஜின், தீக்குச்சி செய்யும் கம்பெனிக்கு வேலை பார்த்தது.

அமெரிக்க உரிமைக்காக பீர் அதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்தார். ரஷ்யாவுக்காக நோபல் குடும்பம் வாங்கியது. தள்ளுவண்டி தள்ளிய பையன், 40 வயசில் கோடீஸ்வரர்.

கடலை எண்ணெய் மேஜிக்

1900. பாரிஸில் உலகக் கண்காட்சி. 30 வருஷத்துக்கு முன்னால் அவரை விரட்டிய அதே ஊரில் டீசல் இன்ஜினுக்கு உயரிய பரிசு கிடைத்தது. அங்கே வைக்கப்பட்டிருந்த ஒரு சின்ன இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த மாற்றமும் செய்யாமல் அது சீராக ஓடியதால், பார்த்தவர்களில் பெரும்பாலானோர் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை. கடலை விளையும் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்கு இது உதவுமே என்று பிரெஞ்சு அரசு கேட்டதால் நடந்த சோதனை அது. நிலக்கரியும் கச்சா எண்ணெயும் இல்லாத ஊரில் விவசாயி தன் வயலிலேயே எரிபொருளை விளைவித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் டீசலுக்குப் பிடித்துப்போனது. 1912-லும் அதைப் பற்றிப் பேசினார்.

விருத்தாசலத்துக்காரங்களுக்கு இது இன்னும் கொஞ்சம் நெருக்கமான கதை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை ரகங்கள் வி.ஆர்.ஐ என்ற பெயரில்தான் விவசாயிகளிடம் புழங்குகின்றன.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு செக்கு எண்ணெயை டேங்கில் ஊற்றிடாதீங்க. டீசலைவிடப் பல மடங்கு கெட்டியான அது, நாளடைவில் பிசின் மாதிரி படிந்து இன்ஜெக்டரை அடைத்துவிடும். அதனால்தான் தாவர எண்ணெயை வேதிமுறையில் பதப்படுத்தி பயோடீசலாக மாற்றிய பிறகு பயன்படுத்துகிறார்கள்.

உள்ளே உடைந்த மனிதர்

வெளியே புகழ். உள்ளே வேறு கதை. உரிமம் வாங்கிய கம்பெனிகள் செய்த ஆரம்பகால இன்ஜின்கள் அடிக்கடி மக்கர் பண்ணின. புகார்கள் குவிந்தன. பேட்டன்ட்டில் எழுதிய தத்துவம் வேறு, ஓடுகிற இன்ஜின் வேறு என்று போட்டியாளர்கள் கிளப்பினார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. காகிதத்தில் அவர் கணக்குப் போட்ட அழுத்தத்தை எந்த இரும்பும் தாங்காது என்பதால், செய்யும்போது பலவற்றை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

1898-ல் மனமும் உடலும் சோர்ந்து சிகிச்சைக்குப் போனார். ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரில் தொடங்கிய தொழிற்சாலை படுத்தது. மியூனிக்கில் மாளிகை கட்டினார். எண்ணெய்க் கிணறு, நிலம் என்று போட்ட பணம் எல்லாம் கரைந்தது. இன்ஜின் விஷயத்தில் ஒரு டிகிரி வெப்பத்தைக்கூட வீணாக்க விரும்பாதவர், பண விஷயத்தில் கணக்கே பார்க்கவில்லை. 1908 வாக்கில் பேட்டன்ட் காலமும் முடிந்தது. யார் வேண்டுமானாலும் டீசல் இன்ஜின் செய்யலாம். அவருக்கு ஒரு காசு வராது.

இன்னொரு வலியும் இருந்தது. எரிபொருளை உள்ளே தெளிக்க அந்த இன்ஜினுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய காற்றழுத்தி தேவைப்பட்டது. அதனால் யானை கனம். லாரிக்குள் வைக்கும் அளவுக்கு அதைச் சின்னதாக்க அவர் எடுத்த முயற்சி கைகூடவில்லை. சின்னப் பட்டறைக்காகக் கனவு கண்ட இன்ஜின் பெரிய ஆலைகளுக்கும் போர் நீர்மூழ்கிகளுக்கும் கப்பல்களுக்கும்தான் போனது. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல், நீராவியும் புகைபோக்கியும் இல்லாமல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போய் உலகத்தை அசரவைத்தது.

செப்டம்பர் 29 இரவு

1913, செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார் டீசல். இங்கிலாந்தில் கம்பெனி மீட்டிங். கூட இரண்டு நண்பர்கள். ராத்திரி சேர்ந்து சாப்பிட்டார்கள். காலையில் 6.15-க்கு எழுப்பிவிடச் சொல்லிவிட்டு 10 மணி வாக்கில் கேபினுக்குப் போனார்.

காலையில் கேபினில் ஆள் இல்லை. படுக்கை கலையவே இல்லை. மேல்தளக் கம்பி அருகே அவருடைய தொப்பியும் ஓவர்கோட்டும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. 10 நாள்களுக்குப் பிறகு ஒரு டச்சுப் படகு, கடலில் மிதந்த உடலிலிருந்து பர்ஸ், கண்ணாடிக் கூடு போன்ற பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டது. அந்தப் பொருள்கள் அப்பாவுடையவைதான் என்று மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார். அவருக்கு வயது 55.

கிளம்பும் முன் மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம் திறந்தால் போதும் என்று சொல்லியிருந்தார் டீசல். உள்ளே ரொக்கப் பணமும், கிட்டத்தட்ட காலியான வங்கிக் கணக்குகளின் விவரமும் இருந்தன. டைரியில் அன்றைய தேதிக்கு நேராக ஒரு சிலுவைக் குறி. கடன்தான் காரணம் என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். இன்ஜின் ரகசியம் இங்கிலாந்துக்குப் போகாமல் தடுக்க ஜெர்மன் உளவாளிகள் செய்த கொலை என்பார்கள் சிலர். எண்ணெய் முதலாளிகள் வேலை என்பார்கள் வேறு சிலர். எதற்கும் ஆதாரம் இல்லை.

பேக்கார்டிலிருந்து ஜீப் வரை

டீசலால் முடியாததை அடுத்த தலைமுறை செய்தது. காற்றழுத்தியைத் தூக்கிவிட்டு, எரிபொருளை நேரடியாக அழுத்தித் தெளிக்கும் பம்ப்பை 1927-ல் பாஷ் நிறுவனம் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. யானை இளைத்தது.

1929 கிறிஸ்துமஸ் நேரம். அமெரிக்காவில் க்ளெஸி கம்மின்ஸ் என்ற இன்ஜினீயர் திவாலாகும் நிலையில் இருந்தார். படகுக்காகச் செய்த ஒரு டீசல் இன்ஜினை எடுத்து, பழைய பேக்கார்டு காரில் கிடைத்த இடத்தில் திணித்தார். இண்டியானாவிலிருந்து நியூயார்க் வரை கிட்டத்தட்ட 800 மைல் ஓட்டினார். எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட்! இன்று நம்மூர்ப் பட்டறைகளில் நடக்கும் இன்ஜின் ஸ்வாப்புக்கு இதுதான் தாத்தா. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி, ஷோரூமிலிருந்தே டீசலோடு வந்தது.

நம் நாட்டுக் கதை ஜீப்பில் தொடங்குகிறது. 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை மும்பையில் பூட்ட ஆரம்பித்த மஹிந்திரா, முதலில் கொடுத்ததெல்லாம் பெட்ரோல்தான். 1970-களில் எண்ணெய் விலை ஏறியதும், பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் கையைக் கடித்துக்கொண்டார்கள். டிராக்டர் இன்ஜின்கூட ஜீப்புக்குள் வந்தது. 1979-ல் பிரான்ஸின் பியூஜோவுடன் மஹிந்திரா ஒப்பந்தம் போட்டது. அப்படி வந்த எக்ஸ்.டி.பி 4.90 இன்ஜின்தான் பின்னாளில் எம்.எம். 540 ஜீப்பின் இதயம். 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர். அந்தப் பெயருக்கு அர்த்தம் அவ்ளோதான்.

ஸ்வாப் பண்ண ஆசையா?

ரீல்ஸில் பார்க்கும்போது அரை மணி நேர வேலை மாதிரி தெரியும். நிஜத்தில் கவனிக்க வேண்டியவை இவை.

எடை: போர்க்கால வில்லிஸ் பெட்ரோல் இன்ஜின் கலவையைச் சுமார் ஆறரை மடங்குதான் அழுத்தும். அந்தக் கால டீசல் 20 மடங்குக்கு மேல். அதைத் தாங்கும் இரும்பு கனமாகத்தான் இருக்கும். முன்பக்க பட்டை ஸ்பிரிங், இன்ஜின் மவுன்ட் இரண்டையும் பலப்படுத்தணும்.

கியர்பாக்ஸ்: இன்ஜினும் பெல் ஹவுசிங்கும் நேராகப் பொருந்தாது. இடையில் அடாப்டர் பிளேட் வேணும். அதில் மயிரிழை விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் காலி.

வேகம்: டீசல் குறைவான சுற்றில் சுற்றும். பெட்ரோல் ஜீப்பின் பழைய ஆக்ஸில் ரேஷியோவோடு பூட்டினால் மலை ஏறும், ஹைவேயில் கதறும்.

பிரேக்: பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடம் பெட்ரோல் இன்ஜினில் சும்மாவே கிடைக்கும். டீசலில் அதற்குத் தனி வேக்குவம் பம்ப் வேணும். இதை மறந்தால் உயிருக்கே ஆபத்து.

மின்சாரம், எரிபொருள்: 20 மடங்கு அழுத்தத்தைச் சுற்றிவிட பெரிய பேட்டரி, பலமான ஸ்டார்ட்டர் மோட்டார் தேவை. டேங்கைக் கழுவி, மிச்ச டீசல் திரும்பி வர ரிட்டர்ன் லைன் போடணும். லைனில் காற்று புகுந்தால் ஏர் லாக் ஆகி வண்டி நின்றுவிடும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுப்படி, ஆர்.டி.ஓ அனுமதி இல்லாமல் இன்ஜினையோ எரிபொருள் வகையையோ மாற்ற முடியாது. ஆர்.சி புத்தகத்தில் பதிவாகாத மாற்றத்தோடு விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் கிளைமும் சிக்கலாகும். பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ ஆபீஸுக்குப் போங்க.

டீசல் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்குக் கெடுபிடி. மின்சார வண்டிகள் வேகமாக வருகின்றன. டீசலின் காலம் மெல்ல முடிகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும், கிணற்றுமேட்டு பம்ப் செட்டிலும் நாட்டுப் படகிலும் நெல் அறுக்கும் வண்டியிலும் மலைக்கிராமத்து ஜீப்பிலும் அந்த இன்ஜின் பல தலைமுறைகளாகச் சாமானியர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. முதலாளி இல்லாத சின்ன மனிதர் கையில் ஒரு இன்ஜின் இருக்கணும் என்று தள்ளுவண்டிப் பையன் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அதைப் பார்க்க அவர்தான் இல்லை.